உதவி: ரோபோ வாக்கர் ஆளை முந்திக்கொண்டு உருள்கிறது, பிரேக்கைக் கூட்டினால் போதுமா?

சுழலி:
வணக்கம். முதியவர்கள் விழாமல் நடக்க உதவும் மோட்டார் வாக்கரின் முன்மாதிரி இது. பின்சக்கரம் இரண்டிலும் ஹப் மோட்டார், முன்னால் இரண்டு சுழல்சக்கரம். கைப்பிடிக்கு ஒன்றாக இரண்டு லோட் செல் (விசையை அளக்கும் சென்சார்), அவற்றின் சிக்னலை எண்ணாக மாற்றத் தனித்தனி எச்எக்ஸ்711 போர்டு. கால்களைப் பார்க்கப் பின்னோக்கிய லைடார் (லேசரால் தூரத்தை அளப்பது) இருக்கிறது, இப்போதைக்குப் பதிவு மட்டும்தான் செய்கிறது. கைவிசையைச் சக்கர வேகக் கட்டளையாக மாற்ற அட்மிட்டன்ஸ் கன்ட்ரோல்: மெய்நிகர் நிறை (வண்டி எவ்வளவு கனம் போல நடந்துகொள்ள வேண்டும் என்று கோடில் வைக்கும் எண்) 20 கிகி, தணிப்பு (வேகத்தை எதிர்க்கும் அளவு) மீ/வி ஒன்றுக்கு 10 நியூட்டன், வேக வரம்பு 0.5 மீ/வி, கன்ட்ரோல் லூப் 50 ஹெர்ட்ஸ்.

மூன்று தொல்லை:
1. நடப்பவர் நின்ற பிறகும் 30–40 செ.மீ உருள்கிறது.
2. களைத்துப்போய்க் கைப்பிடியில் சாய்ந்தால் வேகம் கூடுகிறது.
3. கருப்பு மிதியடி எதிரே வந்தால் குலுக்கலோடு அப்படியே நின்றுவிடுகிறது.

முதல் இரண்டுக்கும் பிரேக் விசையைக் கூட்டினால் போதுமா?

கம்பிவட்டம்:
போதாது. பிரேக்கைத் தொடாதீங்க, முதல்ல மூணு விவரம் வேணும். எச்எக்ஸ்711 வினாடிக்கு எத்தனை வாசிப்பு தருது? கோடுல சராசரி எடுக்கிறீங்களா, எத்தனை வாசிப்புக்கு? கைப்பிடி தரைக்கு இணையா இருக்கா, சரிஞ்சிருக்கா?

சுழலி:
போர்டு வந்தபடியே இருக்கிறது, வினாடிக்கு 10. இரைச்சலுக்காக 5 வாசிப்பின் நகரும் சராசரி. கைப்பிடி முன்பக்கம் சுமார் 5 பாகை சரிந்திருக்கிறது, பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று வைத்தது.

கம்பிவட்டம்:
பாதிப் பதில் இதுலயே இருக்கு. அந்த சிப் 10 வாசிப்பு வேகத்துல இருக்கும்போது உள்ளீடு மாறினா, வெளியீடு முழுசா நிலைக்க 400 மில்லிவினாடி எடுக்கும். 80 வேகத்துல 50 மில்லிவினாடிதான். கை விசையை விட்டது வண்டிக்குத் தெரியவே 0.4 வினாடி, அதுக்குள்ள 0.5 மீ/வி வேகத்துல 20 செ.மீ போயாச்சு. அதுக்கு மேல 5 வாசிப்புச் சராசரி இன்னும் இழுக்குது. 50 ஹெர்ட்ஸ் லூப் பழைய எண்ணையே அஞ்சு தடவை அரைச்சுக்கிட்டு இருக்கு.

சரிசெய்ய: சிப்போட 15ஆம் கால்தான் வேகத்தைத் தீர்மானிக்குது. பரவலாக் கிடைக்கிற பச்சை போர்டுகள்ல அது கிரவுண்டோட சேர்ந்திருக்கும். மெல்லிய முனை சால்டரிங் அயர்ன் வச்சு அந்தக் காலைப் பேட்ல இருந்து நிமித்துங்க, பக்கத்துல இருக்கிற 16ஆம் காலோட (டிஜிட்டல் சப்ளை) ஒரு சொட்டு ஈயத்தால சேத்துடுங்க. கால் நிமிராமலே பாலம் போட்டா சப்ளை நேரா கிரவுண்டுக்குப் போயிடும், அதனால கரன்ட் குடுக்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டர்ல பாத்துக்குங்க. ரெண்டு போர்டுலயும் செய்யணும். ஒண்ணு வேகமாவும் ஒண்ணு மெதுவாவும் இருந்தா ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் வண்டி ஒரு பக்கம் திரும்பும்.

இரைச்சல் கொஞ்சம் கூடும், ரெண்டு மடங்குகூட ஆகாது. சராசரியை எடுத்துட்டு மூணு வாசிப்பு மீடியன் (மூணுல நடு எண்) மட்டும் வையுங்க.

தணிப்பான்:
மீதிப் பாதி அட்மிட்டன்ஸ் எண்களில் இருக்கிறது. நிறையைத் தணிப்பால் வகுத்தால் வண்டியின் மந்த காலம் (வேகம் எவ்வளவு மெதுவாக அடங்கும் என்பதன் அளவு) கிடைக்கும்: 20ஐ 10ஆல் வகுக்க 2 வினாடி. கை முழுக்க விட்டாலும் 0.5 மீ/வி வேகத்திலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் உருளும். 30–40 செ.மீயில் நிற்கிறது என்றால் வண்டி தானாக நிற்கவில்லை, நடப்பவர் பின்னால் இழுத்து நிறுத்துகிறார். ஆபத்து அங்கேதான். கால் நின்றுவிட்டது, கை முன்னே இழுபடுகிறது, உடலின் எடைமையம் பாதத்தைத் தாண்டிப் போகிறது. இளைஞர் சட்டென ஓர் அடி முன்வைத்துச் சமாளித்துவிடுவார், எண்பது வயதுக்காரருக்கு அந்த அடி நேரத்துக்கு வராது.

நிறை 8, தணிப்பு 30 என்று தொடங்குங்கள். மந்த காலம் 0.27 வினாடி, உருளல் 13 செ.மீ. 0.5 மீ/வி எட்ட 15 நியூட்டன் தள்ள வேண்டும், அது பெரிய சுமையில்லை. கைவிசை குறையும் கணங்களில் மட்டும் தணிப்பை 60 ஆக்கினால் உருளல் 7 செ.மீக்கு வரும். ஆனால் 15ஆம் காலை மாற்றுவதற்கு முன் நிறையைக் குறைக்காதீர்கள். தாமதமான சென்சாரும் குறைந்த நிறையும் சேர்ந்தால் கைப்பிடி முன்னும் பின்னும் துடிக்கும்.

இரண்டாவது தொல்லைக்குக் காரணம் அந்த 5 பாகைச் சரிவு. ஒருவர் 10 கிலோ எடையைக் கைப்பிடியில் சாய்த்தால் கீழ்நோக்கி 98 நியூட்டன். அதில் 8.5 நியூட்டன் முன்னோக்கிய விசையாக லோட் செல்லில் பதிவாகும். உங்கள் இப்போதைய தணிப்பில் 5 நியூட்டனே உச்ச வேகத்துக்குப் போதும். ஆக, சாய்வதும் ஓடச் சொல்வதும் வண்டிக்கு ஒன்றுதான்.

கைப்பிடியை மட்டமாக்குங்கள், ஆனால் அதோடு விடாதீர்கள், சட்டம் வளைந்தாலும் இதே பிழை வரும். ஒவ்வொரு பிடியின் அடியிலும் செங்குத்து விசைக்கென இன்னொரு லோட் செல் வேண்டும். 5, 10, 15 கிலோ எடைகளைப் பிடியில் நேராகத் தொங்கவிட்டு, முன்னோக்கிய வாசிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று குறித்து அந்தப் பங்கைக் கழியுங்கள். சும்மா பதிவு செய்யும் லைடாரையும் வேலைக்கு எடுங்கள்: செங்குத்து விசை கூடுகிறது, காலுக்கும் வண்டிக்கும் இடைவெளியும் கூடுகிறது என்றால் அது விழுகையின் தொடக்கம். அப்போது கைவிசை எவ்வளவு இருந்தாலும் வேகம் பூஜ்யத்துக்கு இறங்கணும்.

பிரேக் பற்றிக் கேட்டீர்கள். சட்டென நிறுத்தினால் ஆள் கைப்பிடிக்கு மேல் சாய்வார். 1 மீ/வி² அளவில் இறக்குங்கள்: அரை வினாடி, 12.5 செ.மீ. மின்சாரம் போனால் தானாக இறுகும் பிரேக் நின்றபின் பூட்ட மட்டும்.

மூட்டுநடை:
முதியோர் பிசியோதெரபி பக்கத்திலிருந்து சில குறிப்புகள். மேலே சொன்ன விசை எண்களெல்லாம் பிடியின் உயரம் சரியாக இருந்தால்தான் பொருந்தும். கையைத் தளரத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுவே பிடியின் உயரம். பிடித்து நிற்கும்போது முழங்கை 20–30 பாகை மடங்கியிருக்க வேண்டும். தாழ்ந்த பிடி ஆளைக் குனிய வைக்கும், அதை ஃபர்ம்வேர் (வண்டிக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தாது.

காலுக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளிக்கு எல்லாருக்கும் ஒரே எண் வைக்காதீர்கள். முதல் பத்து அடியில் அவரவர் வழக்கமான இடைவெளியை வண்டி கற்றுக்கொள்ளட்டும், அதைவிட 10 செ.மீ கூடினால் மெதுவாகட்டும், 20 கூடினால் நிற்கட்டும். பார்க்கின்சன் உள்ளவர்களுக்குப் பாதம் தரையோடு ஒட்டினாற்போல் உறையும், மேலுடல் மட்டும் முன்னே போகும். கைவிசை அப்போது குறையாது, கூடும். அவர்களுக்கு இந்த இடைவெளி ஒன்றுதான் முன்னறிவிப்பு. தளர்ந்த நீள உடையில் இரண்டு கால் ஒன்றாகத் தெரியும் என்பதால் லைடாரைக் கணுக்காலை ஒட்டித் தாழ்த்திப் பாருங்கள்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும்: வண்டி நடக்கும்போதைவிட எழும்போதும் உட்காரும்போதும் அதிகம் சோதிக்கப்பட வேண்டும். வாக்கரைப் பிடித்து இழுத்து எழுவது தவறு, நாற்காலிக் கையை ஊன்றித்தான் எழ வேண்டும். எனவே ஆள் உட்கார்ந்திருக்கும்வரை பூட்டு, எழுந்து இரு கையும் பிடியில் பதிந்து சில வினாடி அசையாமல் நின்றபின் விடுவிப்பு. எழுந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுபவர்களுக்கு அந்தச் சில வினாடிகள் முக்கியம். மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்குகிறவருக்கு வண்டியைவிட மருத்துவரின் மருந்துப் பரிசீலனைதான் முதலில் தேவை. உட்காரப் பின்னால் வருகையில் 0.15 மீ/விக்கு மேல் விடாதீர்கள்.

கருப்பு மிதியடியை எடுத்துவிடுங்கள். ரோபோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது இடறும் பொருள்தான்.

கம்பிவட்டம்:
எடுத்தாலும் கருப்பு டைல்ஸ் வரும். படிக்கட்டு, பள்ளம் வந்தா கண்டுபிடிக்க வைக்கிற அகச்சிவப்புச் சென்சார் திரும்பி வர்ற ஒளியோட அளவைத்தான் பாக்குது. கருப்பு ஒளியை விழுங்கிடும், சென்சாருக்கு அது படிக்கட்டு விளிம்பு. ஒளி போய்த் திரும்புற நேரத்தை வச்சு தூரத்தை அளக்கிற டிஓஎஃப் சென்சார் போடுங்க, அது "தூரம் அதிகம்", "சிக்னல் போதல"ன்னு ரெண்டையும் பிரிச்சுச் சொல்லும். முதலாவதுன்னா நில்லு. ரெண்டாவதுன்னா 0.15 மீ/விக்கு இறங்கி, பக்கத்து சென்சாரையும் கேளு, அதுவும் தெரியலன்னா நில்லு. ரெண்டாவதைச் சும்மா ஒதுக்கிட மட்டும் செய்யாதீங்க, ஒருநாள் அது நிஜப் படிக்கட்டா இருக்கும்.

சுழலி:
15ஆம் கால் மாற்றியாயிற்று, நிறை 8, தணிப்பு 30/60. மணல்மூட்டை கட்டிய பொம்மையை வைத்துச் சோதித்ததில் உருளல் 9 செ.மீ. கைப்பிடி மட்டமானதும் சாய்வில் ஓடுவது நின்றது. செங்குத்து லோட் செல் வந்ததும் மாட்டுகிறேன். புதிதாக ஒன்று: சரிவுப் பாதையில் இறங்கும்போது மட்டும் மறுபடி முந்துகிறது.

தணிப்பான்:
ஐஎம்யூ (சாய்வையும் முடுக்கத்தையும் அளக்கும் சென்சார்) இருக்கிறதா? வண்டியின் எடை 25 கிலோ என்றால் 5 பாகைச் சரிவில் அதன் சொந்த எடையே 21 நியூட்டன் முன்னே தள்ளும். சாய்வுக் கோணத்தைப் படித்து அந்த விசையை மோட்டாரில் எதிர்த்திசையில் கொடுங்கள், வேக வரம்பை 0.3 ஆக்குங்கள். சக்கரத்தின் முடுக்கமும் ஐஎம்யூவில் சாய்வாகத் தெரியும், அதனால் ஜைரோவின் (சுழலும் வேகத்தை அளப்பது) வாசிப்போடு சேர்த்து வடிகட்டுங்கள். மேலிருந்து தாங்கும் கச்சை கட்டாமல் யாரையும் இறக்கத்தில் நடக்கவிடாதீர்கள்.