குதிரைக்கு மாறாத இருமல், என்ன செய்யலாம்? (கிளிநொச்சி)

குளக்கட்டான்: குதிரை இருமுது, கனநாளா மாறேல்ல. சளி மருந்து குடுத்தாச்சு. மூச்சு விடவும் கஸ்டப்படுது. அவசரம், தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

மாங்குளம்_பண்ணை: வயசென்ன? காய்ச்சல் இருக்கோ? என்ன தீனி? எங்க கட்டுறியள்?

நெல்லுக்காரன்: எங்கட மாட்டுக்கும் இப்பிடித்தான், குளிர்தான் காரணம். மஞ்சள் புகை பிடியுங்கோ.

பரியாரி_மகன்: மூச்சுக்குழாய் வருத்தத்துக்குப் புகையோ? இங்க எத்தினை தரம் எழுதினனான், ஒருத்தரும் வாசிக்கிறேல்ல. தம்பி, குதிரை ஆறுதலா நிக்கேக்க விலாவைப் பார்த்து மூச்சை எண்ணும். நிமிசத்துக்கு 8 முதல் 16 வரைதான் வழமை. காய்ச்சலும் பாரும், 38.5 பாகைக்கு மேல போனா தொற்றைத்தான் முதலில யோசிக்க வேணும்.

குளக்கட்டான்: மூச்சு 28. காய்ச்சல் இல்லை. வயசு 11. இரவில கொட்டிலுக்கை, தீனி காலபோக நெல்லு வைக்கல். தின்னேக்கதான் கூட இருமுது. மூச்சை வெளிய விடேக்க வயிறு எக்குது, மூக்கு விரிஞ்சு நிக்குது.

மாங்குளம்_பண்ணை: அந்த வைக்கல் மழையில நனைஞ்சதோ? பூஞ்சணத் தூசிதான் குதிரை ஆஸ்துமாவுக்குப் பெரிய காரணம். விலாவுக்குக் கீழ கோடு மாதிரித் தசை தடிச்சிருந்தா வருத்தம் பழசு. வைக்கலை நிப்பாட்டிப் பச்சைப்புல்லு போட்டு, இரவும் வெளியில கட்டுங்கோ.

நெல்லுக்காரன்: வைக்கலை நனைச்சுப் போட்டாக் காணும்தானே?

மாங்குளம்_பண்ணை: தூசி அடங்கும். ஆனா நனைச்சது எங்கட வெயிலுக்குக் கெதியாப் புளிச்சுப்போகும். பூஞ்சணம் பிடிச்சதை எப்பிடியும் போடாதேங்கோ.

நெல்லுக்காரன்: எங்கட அப்பு காலம் முழுக்க நனைச்சுத்தான் போட்டவர்.

பரியாரி_மகன்: மாட்டுக்குப் போட்டிருப்பார். இது குதிரை.

மன்னார்_காற்று: பக்கத்தில கழுதை ஏதும் நிக்குதோ?

குளக்கட்டான்: ஓம், மன்னாரில இருந்து கொண்டுவந்தது ஒண்டு. ஒரே காணியிலதான் மேயுது. அது இருமிறேல்லையே.

மன்னார்_காற்று: இருமாது. நுரையீரல் புழுவைக் கழுதை ஒண்டும் காட்டாமலே சுமக்கும், குதிரைக்குத்தான் இருமல் வரும். வளர்ந்த குதிரையின்ரை சாணத்தில புழுக்குஞ்சு பெரும்பாலும் தெரியாது. அதால கழுதைச் சாணத்தைச் சோதிக்கக் குடுங்கோ.

நெல்லுக்காரன்: ஆஸ்துமாவுக்கு ஆக்களுக்குக் குடுக்கிற சல்பியூட்டமோல் குளிசை குடுத்துப் பார்க்கலாமே?

பரியாரி_மகன்: வாயால குடுத்தா குதிரை உடம்பில சரியாச் சேராது. ஸ்டீரொயிட்டும் நீங்களாப் போடாதேங்கோ, குளம்பு அழற்சி வரலாம். மிருக வைத்தியர் மூச்சுக்குழாயை விரிக்கிற புஸ்கோபான் ஊசி போட்டுப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில மூச்சு இலகுவானா குழாய் சுருங்கினது எண்டு விளங்கும். நிச்சயமாச் சொல்ல நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில கலங்களை எண்ண வேணும். நியூட்ரோபில் எண்ட வெள்ளைக் கலம் 25 வீதத்துக்கு மேலயெண்டா கடுமையான ஆஸ்துமா, ஈயோசினோபில் எண்ட மற்ற வெள்ளைக் கலம் கூடினா புழுவையும் யோசிக்க வேணும். பேராதனை மிருக வைத்திய பீடத்தில செய்வினமோ எண்டு வைத்தியரைக் கேளும்.

மன்னார்_காற்று: அதுவரைக்கும் ஓட்டாதேங்கோ, வண்டியிலயும் பூட்டாதேங்கோ. வாயில்லாச் சீவன், மூச்சுக்கு அந்தரப்படுது.

குளக்கட்டான்: வைக்கல் நிப்பாட்டியாச்சு, வெளியிலதான் கட்டுறன். வைத்தியர் எடை பார்த்து ஐவர்மெக்டின் எண்ட புழு மருந்து தந்தவர். கழுதை வேற காணியில. மூச்சு இப்ப 18. எல்லாருக்கும் நன்றி.

மாங்குளம்_பண்ணை: சந்தோசம். ஆனா எல்லாத்தையும் ஒண்டாச் செய்திருக்கிறியள், தூசியோ புழுவோ எண்டு இனிப் பிரிச்சறியேலாது. கழுதைச் சாணம் குடுத்தனீங்களோ?