இளநிலை மருத்துவ மாணவர்களுக்கு மயக்கவியலையும் தீவிர சிகிச்சையையும் எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குவது?

மயக்கவியல் உதவிப் பேராசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்:

அனைவருக்கும் வணக்கம். 2021ஆம் ஆண்டின் பயிற்சி மருத்துவர் விதிமுறைகள் மயக்கவியலுக்கும் தீவிர சிகிச்சைக்கும் சேர்த்து 2 வாரங்களைக் கட்டாயமாக்கியுள்ளன. அதற்கு முன்பே, படிப்பின் இடையிலும் மாணவர்கள் சிறிது காலம் எங்கள் துறைக்கு வருகிறார்கள். அறுவை அரங்கில் நோயாளியின் தலைமாட்டில் நான் நிற்க, அவர்கள் எனக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஆர்வமுள்ள ஓரிருவர் எப்படியாவது ஒரு முறை சுவாசக்குழாய் பொருத்திப் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருக்க, மற்றவர்கள் மருந்துகளின் பெயரையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இவர்களில் மிகச் சிலரே மயக்க மருத்துவர்களாவார்கள். பெரும்பாலோர் அஞ்செட்டியிலோ பென்னாகரத்திலோ அரூரை ஒட்டிய மலையூர்களிலோ உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவுப் பணியில் தனியாக இருக்கப்போகிறவர்கள். அவர்களுக்கு இந்தக் குறுகிய காலத்தில் எதை முதலில் கற்பிக்க வேண்டும், எதைத் துணிந்து விட்டுவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மயக்கவியல் பேராசிரியர், தருமபுரி:

டாக்டர், என் கருத்தில் முதலில் விட வேண்டியது சுவாசக்குழாய் பொருத்தும் ஆசையைத்தான். அந்தத் திறன் பலமுறை செய்து கைவர வேண்டியது. 2 வாரத்தில் ஓரிரு முறை செய்து பார்த்தவருக்கு வருவது நம்பிக்கை மட்டுமே, திறன் வராது. அதற்குப் பதிலாக முகமூடியும் பையும் கொண்டு சுவாசம் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் முகமூடியை அழுத்த, மற்ற மூன்று விரல்களும் கீழ்த்தாடையின் எலும்பைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். முகமூடியை முகத்தை நோக்கி அமுக்குவதைவிட முகத்தை முகமூடிக்குள் கொண்டுவருவதே சரியான முறை என்பது கையில் படும்வரை அவர்களுக்கு விளங்குவதில்லை. நாடித்துடிப்பு இருந்து மூச்சு மட்டும் நின்றுபோன பெரியவருக்கு 6 விநாடிக்கு ஒரு மூச்சு போதும், நெஞ்சு உயர்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும், வேகமாக அழுத்தினால் காற்று இரைப்பைக்குப் போகும் என்பவற்றை முதலில் பொம்மையில் பழக்கிவிட்டு, நோயாளியின் முன் ஒப்புதலுடன் அரங்கில் உங்கள் கை அருகிலேயே இருக்கச் செய்யவிடுங்கள். ஒருவர் இரு கைகளாலும் முகமூடியைப் பிடிக்க மற்றவர் பையை அழுத்தும் முறையையும் அவசியம் பழக்குங்கள். சுகாதார நிலையத்தில் செவிலியர் ஒருவர் உடனிருந்தால் அது மிகவும் உதவும்.

இதை மாணவர்களால் செய்ய முடியுமா என்று தயங்குபவர்களுக்கு நான் 1952ஆம் ஆண்டின் கோபன்ஹேகனைச் சொல்வது வழக்கம். இளம்பிள்ளை வாதம் பரவி மூச்சுத் தசைகளும் தொண்டைத் தசைகளும் செயலிழந்தவர்கள் மருத்துவமனையில் குவிந்தபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி ரப்பர் பையால் கையாலேயே சுவாசம் கொடுக்கலாம் என்று காட்டினார். அதன்பின் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலுமாகப் பல வாரங்கள் அந்தப் பைகளை அழுத்தினார்கள். பத்தில் ஒன்பது பேர் என்ற அளவை நெருங்கியிருந்த இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அங்கிருந்துதான் பிறந்தன.

இன்னொன்றும் செய்யலாம். மயக்கம் கொடுக்கும் முன் ஆக்சிஜன் நிரப்பும் அந்தச் சில நிமிடங்களில் மாணவரிடமே கணக்குக் கேளுங்கள். மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் நுரையீரலில் ஏறத்தாழ 2500 மி.லி. காற்று தங்கியிருக்கும், உடல் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மி.லி. ஆக்சிஜனைச் செலவழிக்கும். அந்த இடத்தை ஆக்சிஜனால் நிரப்பியிருந்தால் மூச்சு நின்ற ஆரோக்கியமான பெரியவர் 8 நிமிடம் வரை தாங்குவார். வெறும் காற்று என்றால் ஓரிரு நிமிடங்களில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு சரிந்துவிடும். கர்ப்பிணிக்கு இருப்பும் குறைவு, செலவும் அதிகம் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். முதலாண்டில் மனப்பாடம் செய்த உடலியங்கியல் அப்போதுதான் அவர்களுக்குப் பயன்படும் அறிவாகிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர், தருமபுரி மாவட்டம்:

பேராசிரியர் அம்மா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் மாணவர்களை அரங்கிலேயே நிறுத்திவிடாமல் பாதி நாள்களையாவது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புங்கள். நம் பகுதியில் உழவுக் குடும்பங்களிலிருந்து பாம்புக்கடியும் பூச்சிமருந்து குடித்தவர்களும் வருகிறார்கள். நரம்பு தசையைச் சந்திக்கும் அந்த ஒரே இடத்தை வைத்து நான் இரண்டு துறைகளையும் சேர்த்துக் கற்பிக்கிறேன்.

அறுவையின் முடிவில் வெக்குரோனியம் என்ற மருந்து உண்டாக்கிய தசைத்தளர்ச்சியை நீக்க நியோஸ்டிக்மின் கொடுப்பதை மாணவர்கள் அரங்கில் பார்த்திருப்பார்கள். நல்லபாம்பின் நஞ்சும் அதே போலத் தசைப்பக்கத்து ஏற்பிகளை அடைப்பதால், அட்ரோபினுடன் நியோஸ்டிக்மின் கொடுத்தால் இமை உயர்வதைக் காண முடிகிறது. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பின் முனையையே சிதைப்பதால் அங்கே அந்த மருந்தும் அநேகமாக உதவாது, முற்றிய வாதத்தை நச்சுமுறிவு மருந்தும் திருப்பாது. நரம்பு முனை மீண்டு வளரும்வரை செயற்கைச் சுவாசம்தான் உயிரைக் காக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து குடித்தவருக்குச் சக்சினைல்கோலின் என்ற தசைத்தளர்த்தி மருந்தைக் கொடுத்தால், சில நிமிடங்களில் நீங்க வேண்டிய அதன் விளைவு மணிக்கணக்கில் நீள்வது ஏன் என்றும் அப்போதே கேட்டுவிடுவேன். அந்த மருந்தைச் சிதைக்க வேண்டிய நொதியைப் பூச்சிமருந்து முடக்கிவிட்டது என்ற விடையை அவர்கள் பிறகு மறப்பதில்லை.

கட்டுவிரியன் கடித்து முழுவதும் வாதமாகி, கண்பாவை விரிந்து ஒளிக்கு அசையாமல் கிடப்பவரை மூளைச்சாவு என்று தவறாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. அவர் நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். அவருடைய படுக்கையருகே நின்று, பெயர் சொல்லி அழைத்து, இன்ன கிழமை, இன்ன நேரம், இப்போது சளியை உறிஞ்சப்போகிறோம் என்று மாணவரைப் பேசச் சொல்லுங்கள். தீவிர சிகிச்சையில் நான் கற்பிக்க விரும்பும் முதல் பழக்கம் அதுவே.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர், பென்னாகரம் வட்டம்:

கற்பிக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து ஒரு கருத்து. இங்கே என் வேலையில் மிகுதியும் பயன்பட்டது, மூச்சு தளர்வதை முன்கூட்டியே அறியும் திறன்தான். அதிகாலையில் வயிற்றுவலி என்று வருபவரைக் கட்டுவிரியன் கடித்திருக்குமோ என்று எண்ணி, இரவு தரையில் படுத்திருந்தாரா என்று கேட்பது, இமை தாழ்கிறதா என்று பார்ப்பது, ஒரே மூச்சில் எவ்வளவு எண்ண முடிகிறது என்று அரைமணிக்கு ஒருமுறை சோதிப்பது ஆகியவற்றுக்கு எந்தக் கருவியும் தேவையில்லை. எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால், ஆக்சிஜன் அளவு காட்டும் விரல்கருவி 98 என்று காட்டினாலும், 108 ஊர்தியை உடனே அழைத்துவிட வேண்டும். கருவி காட்டும் எண் இறங்கும்போது காலம் கடந்திருக்கும்.

ஊர்தியில் அனுப்பும் முன் செய்ய வேண்டியவற்றையும் கற்பிக்கக் கோருகிறேன். நச்சுமுறிவு மருந்தைத் தொடங்கியாயிற்றா, வாந்தி எடுப்பவரை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தாயிற்றா, பையும் முகமூடியும் வண்டியில் உள்ளனவா, ஏற்கப்போகும் மருத்துவரிடம் தொலைபேசியில் நோயாளியின் நிலை சொல்லப்பட்டதா என்பவற்றைப் பயிற்சிக் காலத்திலேயே ஒரு முறையாவது மாணவர் தானே செய்து பார்க்க வேண்டும். மலைச்சாலையில் வண்டி போகும் நேரம் முழுவதும் சிகிச்சை நேரம்தான்.

மயக்கவியல் உதவிப் பேராசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்:

மூவருக்கும் நன்றி. அடுத்த அணிக்கு முதல் வாரம் முகமூடியும் பையும், இரண்டாம் வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவு என்று மாற்றப்போகிறேன். ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. எழுத்துத் தேர்வில் இவற்றை எப்படி அளப்பது?

மயக்கவியல் பேராசிரியர், தருமபுரி:

எழுத்தில் அளக்க வேண்டாம், டாக்டர். பொம்மையை வைத்து, பையைப் பிரித்த நிலையில் மேசைமேல் போட்டு, "இவருக்கு மூச்சில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்று பாருங்கள். உதவிக்கு ஆளை அழைக்கிறாரா, ஆக்சிஜன் குழாயை இணைக்கிறாரா, நெஞ்சு உயரவில்லையென்றால் தாடையின் பிடியை மாற்றுகிறாரா என்பதை இரண்டு நிமிடத்தில் அறியலாம். தேறாதவரை மறுநாள் காலை மீண்டும் வரச் சொல்லுங்கள். மதிப்பெண் குறைப்பதைவிட அது அவருக்கு நல்லது.