மத்திய அரசு நூலகம்: வேண்டாத புத்தகங்களை எடைக்குப் போடலாமா?

அடுக்கு7:
மத்திய அரசு அலுவலக நூலகம், பதிவேட்டில் சுமார் 18,000 புத்தகங்கள். இருப்புச் சரிபார்ப்பு முடிந்த பிறகு மூன்று வகை நிற்கிறது: அலமாரியில் இல்லாதவை, கரையான் அரித்தவை, பழைய பதிப்பாகிப்போன சட்ட, கணினி நூல்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் கழித்து, இருப்பதை எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார்கள். சரியா? பள்ளிக்கு இலவசமாகக் கொடுக்க வழி உண்டா?

சிவப்புமை:
ஒரே பட்டியல் வேண்டாம். காணாமல் போனது இழப்பு, கையில் இருப்பது கழிவு. விதியும் வேறு, கோப்பும் வேறு.

இழப்புக்குப் பொது நிதி விதிகள் (ஜி.எஃப்.ஆர்.) 2017, விதி 215. ஓராண்டில் வழங்கிய, பார்வையிட்ட நூல்களில் 1,000க்கு 5 தொலைந்தால், நேர்மைக்குறைவோ கவனக்குறைவோ காரணமில்லாதவரை ஏற்கலாம். பலர் இதை மொத்த இருப்புக்குக் கணக்கிடுகிறார்கள்; தவறு. உள்ளேயே படித்துவிட்டு வைக்கும் நூல்களுக்கு அன்றாடப் பதிவு இல்லையென்றால் உங்கள் வரம்புதான் சுருங்கும். ரூ.1,000க்கு மேற்பட்ட நூல், விலை எதுவானாலும் அரிய நூல், இரண்டுக்கும் விசாரணை கட்டாயம். 20,000 வரை உள்ள நூலகத்துக்கு முழுச் சரிபார்ப்பு ஆண்டுதோறும்.

கையில் இருப்பவற்றுக்கு விதி 217. உபரி, வழக்கொழிந்தது, பயன்படாதது என்று அறிவிக்க வேண்டியவர் தகுதியுள்ள அதிகாரி (அந்தப் பொருளை வாங்க அதிகாரம் உள்ளவர்), நூலகர் அல்ல. அவர் குழு அமைக்கலாம். பட்டியலில் ஒவ்வொரு பிரதிக்கும் சேர்ப்பு எண் (பதிவேட்டில் ஏற்றும்போது தரும் தனி எண்), ஆசிரியர், தலைப்பு, பதிப்பாண்டு, வாங்கிய விலை, கழிக்கும் காரணம். "சிதைந்த நூல்கள், 340" என்று ஒரே வரியில் எழுதினால் தணிக்கை கட்டாயம் கேட்கும். கரையானுக்கு மழைநீர்க் கசிவைக் கவனிக்காமல் விட்டது காரணமென்றால் பொறுப்பு நிர்ணயமும் அதே விதியில் வருகிறது. கழிவுப் பட்டியலுக்குப் படிவம் ஜி.எஃப்.ஆர். 10.

கணக்குமேசை:
மேலே சொன்னதோடு விற்பனைப் பகுதி. ரூ.2 லட்சம் என்ற எல்லை (விதி 218) வாங்கிய விலைக்கு அல்ல, இப்போது மதிப்பிடும் எஞ்சிய மதிப்புக்கு. அதற்கு மேல் போனால் விளம்பர டெண்டர் அல்லது பொது ஏலம்தான். கீழே என்றால் முறையைத் தகுதியுள்ள அதிகாரியே முடிவு செய்யலாம். எல்லைக்குக் கீழே கொண்டுவரக் குவியலைப் பிரிப்பது வெளிப்படையாகத் தெரியும், செய்யாதீர்கள்.

எடையை ஊகிக்க வேண்டாம். கெட்டி அட்டை, மென்னட்டை, வழவழப்புத் தாள் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் 100 புத்தகம் நிறுத்துச் சராசரி எடுங்கள். தாள் வகைக்கு ஏற்ப விலை மாறும். ஈரப் புத்தகம் எடையை ஏமாற்றும். வாங்குபவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவரானால் மத்திய அரசின் கழிவுப் பொருளுக்கு வரியை ரிவர்ஸ் சார்ஜில் அவரே கட்டுவார். விற்ற பணம் அரசுக் கணக்குக்கு. அதில் புதுப் புத்தகம் வாங்கக் கூடாது. விற்பனைக் கணக்குப் படிவம் ஜி.எஃப்.ஆர். 11.

அடுக்கு7:
நன்றி. பள்ளி விஷயம்?

சிவப்புமை:
ரூ.2 லட்சத்துக்குக் கீழே அதிகாரிக்கு உள்ள அந்த விருப்புரிமையில், காரணம் எழுதி, நிதிப் பிரிவின் ஒப்புதலோடு ஆணை வாங்கலாம். ஆனால் வழக்கொழிந்த சட்ட நூலையும் பழைய கணினி நூலையும் பள்ளிக்குத் தள்ளுவது உதவி அல்ல. நல்ல நிலையில் உள்ள கூடுதல் பிரதிகளை மட்டும் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள்.

ஆணை வந்த பிறகே சேர்ப்புப் பதிவேட்டில் சிவப்பு மையில் ஆணை எண்ணும் தேதியும். அந்தச் சேர்ப்பு எண்ணை வேறு நூலுக்குத் தராதீர்கள். கோஹா நூலக மென்பொருளில் பிரதியை அழிக்காமல் "விலக்கப்பட்டது" என்று குறியுங்கள். அழித்தால் தடயம் போகும். ஒவ்வொரு நூலக முத்திரையின் மேலும் "நீக்கப்பட்டது" முத்திரை. இல்லாவிட்டால் நடைபாதைக் கடையில் அது கிடைக்கும்போது திருட்டுப் புகார் உங்கள் மேல் வரும்.

பழஞ்சுவடி:
கட்டுகளைப் பிரிக்காமல் எடைக்குப் போடாதீர்கள். அலுவலகக் கோப்புகள், பதிவேடுகள் கலந்திருந்தால் அவை பொதுப் பதிவேடுகள் சட்டம் 1993க்குள் வரும். 1892க்கு முந்தையவற்றை, ஆவணக் காப்புக்கு உதவாத அளவு சிதைந்தவை என்று ஆவணக் காப்பகத் தலைமை கருதினாலன்றி அழிக்க முடியாது. அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் படி 75 ஆண்டைத் தாண்டியிருந்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டப்படி அது தொல்பொருள்.

மாநில அரசின் பொது நூலகம் என்றால் மேலே சொன்ன விதி எண்கள் பொருந்தாது. தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948, அதன் விதிகள், மாநில நிதி விதிகள் ஆகியவற்றைப் பார்த்து, மாவட்ட நூலக அலுவலர் வழியாகவே முன்மொழிவு போக வேண்டும்.