ஜெபம் போதாது என்று எப்போது தெரியும்?

புதுவயல் பாஸ்டர்:
எங்கள் சபை சின்னது. கணவரை இழந்த ஓர் அக்கா, காரைக்குடியில் பலகாரம் செய்யும் வீட்டில் வேலை பார்ப்பவர், ஆலோசனைக்கு வருவார். முதலில் அழுவார், ஜெபித்தால் கொஞ்சம் தெளிவார். இப்போது அழுகையே இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துவிடுகிறார், கஞ்சிகூட இறங்கவில்லை, வேலைக்கும் போவதில்லை. "பிள்ளைகளுக்குப் பாரம்தானே பாஸ்டர், கர்த்தர் எடுத்துக்கிட்டா நல்லது" என்கிறார். அவருடைய தம்பி, பேய்க்கோளாறு, எங்காவது கொண்டுபோய்க் கட்டிப்போட வேண்டும் என்கிறார். டாக்டரிடம் அனுப்பினால் என் ஜெபத்துக்கு வல்லமை இல்லை என்று ஊர் பேசும். பேசட்டும், அது பெரிதில்லை. ஆனால் என்னிடம் தனியாகச் சொன்னதை அவர் மகளிடம் சொல்லலாமா?

நர்ஸ் அக்கா:
துக்கத்தில் இருப்பவர் அழுவார், நடுவில் பேரனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வார். எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டர் பார்க்க வேண்டும். "பாரம்" என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரமும் காத்திருக்கக் கூடாது. "சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மிச்ச மாத்திரை எல்லாம் வீட்டைவிட்டு வெளியே போகட்டும். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் பதறினால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். தைராய்டு, ரத்தசோகைக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். அவையும் ஆளை இப்படிச் சுருட்டிப்போடும். டாக்டர் தரும் மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும். "ஒண்ணும் கேக்கலை" என்று வீட்டில் நிறுத்துவது அந்தச் சமயத்தில்தான். அப்போது நீங்கள் போய் உட்கார வேண்டும்.

ஓய்வுபெற்ற ஃபாதர், தேவகோட்டை:
பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒருவர் தன் பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடும்போது, கேட்டதை நாங்கள் உயிரே போனாலும் சொல்ல முடியாது. அதனால் இப்படிப் பேச்சு வந்தால், "வெளியே வாம்மா, திண்ணையில் பேசுவோம்" என்பேன். உங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம். மகளிடம் சொல்லப்போவதை முதலில் அந்த அம்மாவிடமே சொல்லிவிடுங்கள். பைபிளில், சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்கு தேவதூதன் பிரசங்கமா செய்தான்? அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான்.

ராமநாதபுரத்துக்காரன்:
தம்பியிடம் ஏர்வாடியைச் சொல்லுங்கள். 2001 ஆகஸ்டில் அங்கே தர்கா பக்கம் மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலியால் கட்டுவதே குற்றம்.

புதுவயல் பாஸ்டர்:
நன்றி. கேட்டேன், எண்ணம் இருக்கிறதாம். மகளிடம் அக்காவே சொன்னார், நான் பக்கத்தில் இருந்தேன். வண்டி சொல்லியாயிற்று, இப்போதே சிவகங்கைக்குக் கிளம்புகிறோம். தம்பி இன்னும் முறுக்கிக்கொண்டுதான் நிற்கிறார். அவரையும் ஏற்றிக்கொள்கிறேன், டாக்டர் வாயால் கேட்கட்டும்.