கைப்பிடியை விட்ட பிறகும் பிரஷர் இறங்காதது ஏன்?

குழித்துறை மாணவி:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். கைப்பிடி டைனமோமீட்டரை (பிடியின் பலத்தை அளக்கும் கருவி) முழு பலத்தின் 30 சதவீதத்தில் 3 நிமிடம் பிடிக்கும் சோதனையில் 118/76 இருந்த பிரஷர் 146/98 வரை ஏறுகிறது. அதே ஆள் சைக்கிள் மிதித்தால் மேல் அளவு 160ஐத் தாண்டுகிறது, கீழ் அளவு 76லேயே நிற்கிறது. முன்கைத் தசை எவ்வளவு சிறியது, அதற்கு ஏன் இத்தனை ஏற்றம்? இன்னொன்று: கைப்பிடியை விடுவதற்குச் சற்று முன் அதே மேற்கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைக் காற்றேற்றி இறுக்கினால் நாடித்துடிப்பு இறங்கிவிடுகிறது, பிரஷர் மட்டும் அப்படியே நிற்கிறது. பிரஷரை ஒரே அளவில் காக்கும் பேரோ ரிஃப்ளெக்ஸ் அப்போது என்ன செய்கிறது? சந்தையில் ஏத்தன் வாழைக்குலை ஏற்றி இறக்கும் சுமட்டுத் தொழிலாளிக்குப் பிரஷர் இருந்தால் என்ன சொல்லிக்கொடுப்பது?

பாறசாலை உடலியங்கியல்:
உங்கள் பட்டை சோதனை 1937இல் ஆலம், ஸ்மர்க் என்ற இரு ஆய்வாளர்கள் செய்ததுதான், தங்கச்சி. விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தசையை இறுக்கு என்று மூளை கட்டளை அனுப்பும்போதே அதன் ஒரு கிளை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கும் போகிறது. இதயத்தை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் பிடி உடனே தளர்வதால், முதல் சில நொடிகளிலேயே நாடித்துடிப்பு கூடுகிறது. வேலை தொடங்கிய பிறகு தசையிலிருந்து சேதி வருகிறது. இழுபடுவதையும் அழுத்தத்தையும் பெரும்பாலும் மூன்றாம் வகை மெல்லிய நரம்பிழைகள் சொல்கின்றன. லாக்டிக் அமிலம், பொட்டாசியம் போன்ற கழிவு சேர்வதைப் பெரும்பாலும் நான்காம் வகை இழைகள் சொல்கின்றன. இந்தச் சேதி தண்டுவடம் வழியாக முகுளத்துக்கு ஏறி, ரத்தக்குழாயைச் சுருக்கும் பரிவு நரம்பை முடுக்கிவிடுகிறது.

பட்டையை இறுக்கிக் கையை விட்டதும் கட்டளை நின்றுபோகிறது. வேகஸ் திரும்ப வருகிறது, துடிப்பு இறங்குகிறது. ஆனால் கழிவு பட்டைக்குக் கீழே சிறைப்பட்டிருக்கிறது. நான்காம் வகை இழைகள் ஓயவில்லை, ரத்தக்குழாய்களும் சுருங்கியபடியே இருக்கின்றன. பட்டையை அவிழ்த்தால் கழிவு கழுவப்பட்டு, சிறிது நேரத்தில் பிரஷரும் இறங்கும்.

பேரோ ரிஃப்ளெக்ஸ் தூங்கிவிட்டது என்று பல பாடக்குறிப்புகளில் எழுதியிருக்கிறது. அது தவறு. பிரஷரை உணரும் இடங்களான கழுத்துத் தமனியின் கரோட்டிட் சைனஸும் பெருந்தமனி வளைவும் உழைப்பின்போதும் முழுசாக வேலை செய்கின்றன. அவை காக்க வேண்டிய அளவு மட்டும் மேலே நகர்ந்திருக்கிறது. ஓய்வில் 118ஐக் காத்தவை, இப்போது 146ஐக் காக்கின்றன. அப்படி நகர்த்துவது மேலே சொன்ன மூளைக் கட்டளையும் தசைச் சேதியும்தான்.

சைக்கிளில் கீழ் அளவு ஏறாததற்குக் காரணம் உழைப்பில் விரியும் தொடைத் தசைக் குழாய்கள். இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் அனுப்புகிறது, கடும் உழைப்பில் 20 லிட்டருக்கு மேல். அதில் 80 சதவீதம் வரை தசைக்கே போகலாம். குடலிலும் சிறுநீரகத்திலும் பரிவு நரம்பு குழாயைச் சுருக்குகிறது. உழைக்கும் தசையிலோ அங்கே உண்டாகும் பொருள்கள் அந்தச் சுருக்கத்தை மட்டுப்படுத்துகின்றன. கைப்பிடியில் நிலைமை வேறு. விடாமல் இறுகிய தசை தன் குழாயைத் தானே நசுக்குகிறது. கழிவு குவிகிறது, ஆனால் ரத்த ஓட்டத்துக்கான எதிர்ப்பைக் குறைக்க அங்கே விரிந்த குழாய் இல்லை. தசையின் அளவைவிட, ரத்தம் கிடைக்காத முறையீடுதான் அங்கே பெரிது.

செங்கோட்டை பிசியோ:
சோதனையில் பிழை வரும் இடங்கள்: மூன்று முறை பிடிக்கவைத்து, அதில் அதிகமானதையே முழு பலமாகக் கொள்ளுங்கள். பிரஷரை மறுகையில், இதய மட்டத்தில் தாங்கிவைத்து எடுங்கள். அந்தக் கையும் இறுகினால் அளவு கெடும். கைப்பிடியை விடுவதற்கு 5 நொடி முன்பே பட்டையை 200 முதல் 250 மி.மீ. பாதரசத்துக்கு ஏற்றிவிட வேண்டும். மேல் அளவைவிடக் குறைவாக நிறுத்தினால் தமனி ரத்தம் உள்ளே போகும், சிரை ரத்தம் தேங்கும். கை நீலம் பாய்ந்து வீங்குவதுதான் மிச்சம். எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை மூச்சைப் பிடிப்பது. அதனால் வரும் ஏற்றம் நெஞ்சறை அழுத்தத்தினுடையது, தசைச் சேதியுடையது அல்ல. எண்ணச் சொல்லிக்கொண்டே பிடிக்கவையுங்கள்.

சர்க்கரை நோயில் தன்னியக்க நரம்பு கெட்டிருக்கிறதா என்று பார்க்கவும் இதே பிடிதான். கீழ் அளவு 16 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஏறினால் சரி, 10 அல்லது அதற்குக் கீழே என்றால் குறை.

குழித்துறை மாணவி:
ரொம்ப நன்றி. அட்டெனலால் (இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை) சாப்பிடும் தொழிலாளிக்கு இந்த ஏற்றம் அடங்கிவிடுமா?

நெய்யாற்றங்கரை மருத்துவர்:
நாடித்துடிப்பு அடங்கும், ஏற்றம் பெரும்பாலும் அடங்காது. மாத்திரை பீட்டா வழியைத்தான் அடைக்கிறது; பரிவு நரம்பு குழாயைச் சுருக்கும் ஆல்ஃபா வழி திறந்தே இருக்கிறது. ஆகவே துடிப்பு 80 என்று பார்த்துப் பிரஷரும் நன்றாக இருக்கும் என்று முடிவுகட்டாதீர்கள்.

ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்குத் தசைச் சேதியின் விளைவே மிகையாக இருக்கும். 1985இல் உடற்கட்டுப் பயிற்சியாளர்களின் தமனிக்குள் குழாய் செருகி அளந்தபோது, இரு காலாலும் பளுவைத் தள்ளுகையில் சராசரி 320/250 வரை போனது. மூச்சடைப்பும் அதில் சேர்ந்திருந்தது. குலையைத் தூக்கும் கணத்தில் மூச்சை வெளியே விடச் சொல்லுங்கள். கையில் தொங்கவிட்டு நின்று பேசுவது கூடாது; சும்மாடு வைத்துத் தலைக்கோ தோளுக்கோ மாற்றினால் விரல் இறுக்கம் விடும். பாரத்தை இறக்கியதும் அசையாமல் நிற்காமல் நாலு அடி நடக்கட்டும். காலில் ரத்தம் தேங்கினால் தலை சுற்றும், குழாயை விரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இன்னும் அதிகம்.

ஓய்விலேயே 180/110ஐத் தாண்டியவருக்கு இந்தச் சோதனை வேண்டாம். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்த ஃபிஸ்டுலா இருக்கும் கையில் பட்டை கட்டவே கூடாது.