மறு: பெரிய பூப்போட்ட துணியில் ‘ரிப்பீட்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

> துணி விற்கும் பக்கங்களில் ‘ரிப்பீட் 64 செ.மீ.’ என்று போட்டிருக்கிறார்கள். சொந்தமாக கவுனும் பாவாடையும் தைக்கப் பழகுகிறவர்களுக்குப் பாடம் எழுதுகிறேன். ‘மடக்கு’ என்று எழுதலாமா?

நல்ல நேரத்தில் கேட்டீர்கள், சகோதரி. துணியில் டிசைன் ஒருமுறை முடிந்து மறுபடி தொடங்கும் வரையுள்ள நீளம்தான் ‘ரிப்பீட்’. இந்தச் சொல் இல்லாமல், பெரிய டிசைன் துணி வாங்கப் போகிறவருக்கு எத்தனை மீட்டர் கேட்க வேண்டும் என்று சொல்லித்தர முடியாது. அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே துண்டில் ஒரு ஏ-லைன் பாவாடை. தையலுக்கும் கீழ்மடிப்புக்கும் விட்டது சேர்த்து ஒவ்வொரு துண்டும் 78 செ.மீ. நீளம். கீழே நன்றாக விரிகிற வெட்டு என்பதால் 44 இன்ச் அகலத் துணியில் இரண்டும் பக்கம் பக்கமாக அடங்காது. ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வெட்ட வேண்டும். வெற்றுத் துணி என்றால் 156 செ.மீ. போதும். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிக் கோத்து வைத்தால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும்.

இப்போது அதே பாவாடையை, 64 செ.மீ.க்கு ஒருமுறை பூ திரும்ப வருகிற துணியில் வெட்டிப் பாருங்கள். முன்துண்டு பூவின் எந்த இடத்தில் தொடங்குகிறதோ, பின்துண்டும் அதே இடத்தில் தொடங்கினால்தான் பக்கத் தையலில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும். 78-ஐத் தாண்டி அந்த இடம் மறுபடி வருவது 128-ஆவது செ.மீ.யில். அங்கிருந்து 78 எடுத்தால் மொத்தம் 206. அரை மீட்டர் துணி கூடுதல். பூ 16 செ.மீ.க்கு ஒருமுறை வந்தால் பின்துண்டு 80-இல் தொடங்கிவிடும், 158 போதும். அதே அளவு, அதே வெட்டு. வாங்க வேண்டிய துணி மட்டும் இவ்வளவு மாறுகிறது. பாடத்தின் முதல் பக்கத்திலேயே இந்தக் கணக்கு வர வேண்டும் என்பது என் விருப்பம்.

64 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள். ஆலைகளில் சுழலும் திரை உருளையால் அச்சிடும்போது, அந்த உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ.தான். உருளை ஒரு சுற்று உருண்டால் டிசைன் முதலிலிருந்து தொடங்கிவிடும். 32, 16 ஆகியவை அதற்குள் மீதமில்லாமல் அடங்கும் அளவுகள். மரக்கட்டை அச்சில் பெரும்பாலும் கட்டையின் அளவே இந்த அளவு.

சரி, சொல்லுக்கு வருவோம். மடக்கணியில் வந்த சொல்லே மடங்கி மறுபடி வருவதை நினைத்துத்தான் ‘மடக்கு’ என்றீர்கள் என்று புரிகிறது. அழகான யோசனை. ஆனால் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் ‘மடக்கு’ என்றால் அவர் ஓரத்தை மடக்கித் தைத்துவிடுவார். இந்த உரையாடலில் வந்த மற்றச் சொற்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ‘சுற்று’ என்றால் இடுப்புச் சுற்று, மார்புச் சுற்று. ‘அடுக்கு’ என்றால் அடுக்குப் பாவாடை. ‘மீள்வு’ என்று எழுதினால், இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்புகிற துணி நினைவுக்கு வரும். பள்ளிப் புத்தகத்தில் படித்த மீள்தன்மை அது. இசையிலிருந்து ‘ஆவர்த்தனம்’ எடுக்கலாம் என்றார் ஒரு நண்பர். பொருள் மிகச் சரி. ஆனால் சுடிதார் துணியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

வெட்டுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? துணியை மேசையில் விரித்து, டேப்பை வைத்து, “இந்தப் பூ மறுபடி எங்க வருது பாரு” என்கிறார்கள். அந்தப் பேச்சிலேயே சொல் இருக்கிறது: மறுவரவு. நீளவாக்கில் அளந்தால் நெடு மறுவரவு, அகலவாக்கில் அளந்தால் குறுக்கு மறுவரவு. தனியாக நிற்கும் ஒரு பூவையோ மயிலையோ ‘உரு’ என்போம். ஓர் உரு பெரிதாக இருப்பதும் மறுவரவு நீளமாக இருப்பதும் வேறு வேறு. சின்னச் சின்னப் பூவாக இருந்தாலும், பத்து வகைப் பூ வரிசையாக வந்து முடிந்த பிறகே முதல் பூ திரும்பினால், மறுவரவு நீளம்தான்.

அச்சுத் துணிக்கு மட்டும் பொருந்தும் சொல்லாக இருந்தால் போதாது. மெட்ராஸ் கட்டத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் சாயமேற்றிய நூலைக் கொண்டே கட்டம் நெய்கிறார்கள். கோடு, பாவும் (நெடுக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) போகிற வழியிலேயே போகும். பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று வந்து மறுபடி அதே பச்சையைத் தொடும் இடம் வரை ஒரு மறுவரவு. சொல் அங்கேயும் நிற்கிறது. (அச்சடித்த கட்டம் சில சமயம் நூலோட்டத்துக்குச் சாய்வாக விழுந்திருக்கும். அந்தத் துணியை வாங்காமல் விடுவதே நல்லது. கட்டத்தைப் பார்த்து வெட்டினால் பாவாடை முறுக்கிக்கொள்ளும். நூலைப் பார்த்து வெட்டினால் கட்டம் கோணும்.)

அடுத்து ‘மேட்சிங்’, அதாவது தையலில் இரண்டு துண்டின் டிசைனும் ஒன்றோடொன்று சேரும்படி வெட்டுவது. ஜாக்கெட்டுக்கு நிறம் பார்ப்பதையும் நாம் மேட்சிங் என்றுதான் சொல்கிறோம், அதனால் அதை இங்கே விட்டுவிடலாம். “கட்டம் சேரணும்”, “கோடு கோட்டோட சேரணும்” என்பது தையற்கடைப் பேச்சு. ஆகவே ‘உருச்சேர்ப்பு’. காஞ்சிபுரம் சேலையின் ‘கோர்வை’யை இதற்குச் சிலர் சொன்னார்கள். அது உடலையும் கரையையும் தறியிலேயே பிணைக்கும் நெசவு முறையின் பெயர். நெசவாளர் கையில் உயிரோடு இருக்கும் சொல்லை வேறு வேலைக்கு இழுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

உருச்சேர்ப்பைப் பாடத்தில் எழுதும்போது ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: டிசைன் சேர வேண்டிய இடம் தையல் விழுகிற கோடு. வெட்டிய ஓரத்தில் சேர்த்து வைத்தால், தைத்த பிறகு இரண்டு பக்கமும் தையலுக்கு விட்ட அளவு உள்ளே போய்ப் பாதிப் பூ காணாமல் போகும். துணியை இரட்டையாக மடித்து வெட்டவும் கூடாது. ஒற்றையாக விரித்து முதல் துண்டை வெட்டி, அதையே திருப்பிப் போட்டு, அதன் பூவைக் கீழே விரித்த துணியின் அதே பூவின்மேல் வைத்து இரண்டாவதை வெட்ட வேண்டும்.

பெரிய உருவுக்குத் தையல் குறைவான வெட்டே அழகு. பின்லாந்தில் 1951-இல் தொடங்கிய மரிமெக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். மையா இசோலா 1964-இல் வரைந்த ‘உனிக்கோ’ என்ற பெரிய பாப்பிப் பூ அவர்களுடையதுதான். அவர்களுடைய அந்தக் கால உடைகள் இடுப்பை இறுக்காமல் நேராகத் தொங்குபவை. டார்ட்டும் (உடல் வடிவுக்காகப் பிடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) சுருக்கும் குறைந்தால் பூ உடையாமல் முழுதாகத் தெரியும். அதே துணியில் நெருக்கமாகக் கொசுவம் வைத்தால் பூ முழுக்க மடிப்புக்குள் போய்விடும்.

அன்புடன்,
கோவையிலிருந்து

---

தம்பி,

தையற்கடை வைத்திருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். மறுவரவு வாயில் நன்றாக வருகிறது. ஒரு சந்தேகம். சில துணியில் பக்கத்து வரிசைப் பூ நேராக நிற்காமல் பாதி கீழே தள்ளி நிற்கும். அகலம் போதாமல் துணியை ஒட்டுப் போட்டால் அங்கேதான் தலைவலி. அதற்கு என்ன பெயர்?

---

அக்கா,

‘அரையிறக்க மறுவரவு’ என்று வைக்கலாமா? கழுத்து இறக்கம் என்று தினமும் அளக்கிறீர்கள், அதே இறக்கம்தான். நெடு மறுவரவு 64 என்றால், பக்கத்து வரிசை 32 இறங்கி நிற்கும். ஒட்டுத் துண்டையும் அந்த 32-ஐக் கணக்கில் கொண்டு வெட்ட வேண்டும்.

---

தம்பி,

இது போதும். இறக்கம் என்றால் என் கடைப் பெண்களுக்கு விளக்கவே வேண்டாம். ‘உருச்சேர்ப்பு’ மட்டும் எழுத்துக்குச் சரி, பேச்சில் ‘சேர்த்து வெட்டு’ என்றுதான் சொல்வோம். பட்டியலில் இரண்டையும் போடுங்கள். மேலும் கீழும் பார்த்து வெட்ட வேண்டிய துணிக்கு ‘ஒருதிசைத் துணி’ என்றும் சேர்த்துவிடுங்கள். மயில் தலைகீழாக நிற்கிற பாவாடையை யாரும் கட்ட மாட்டார்கள்.