ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்க லண்டன் பக்கம் போயிருக்கும் நம்ம மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பிய பிறகு நம்ம பக்கம் இந்தப் படிப்புக்கு ஒரு மவுசு வந்துவிட்டது. களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எல்லா இடத்திலிருந்தும் ஆட்கள் கிளம்புகிறார்கள். போய் இறங்கியதும் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, பார்ட் டைம் வேலை எங்கே எடுக்கலாம்?" நானும் அங்கே படித்து, வேலை செய்து, இப்போது பாசிக்குடாவில் ஃப்ரண்ட் ஆஃபிஸ் பார்ப்பவன். தனித்தனியாகப் பதில் போடாமல் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

விசா கதையை முதலில் முடிப்போம். டிகிரி படிப்பவர்களுக்கு வகுப்பு நடக்கும் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணி நேரம்தான் வேலை. டிகிரிக்குக் கீழே உள்ள கோர்ஸ் என்றால் 10. திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு கணக்கு. இந்தக் கிழமை 15, அடுத்த கிழமை 25 என்று சராசரி போட முடியாது. இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் வேலை சுயதொழில் கணக்கில் வரும். ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழிலுக்கே இடமில்லை. இன்னொருவருடைய அக்கவுண்டில் ஓடுவது அதைவிட ஆபத்து. மாஸ்டர்ஸ் படிப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: கோடை காலத்தில் வகுப்பு இராது, ஆனால் ஆய்வுக் கட்டுரை எழுதும் அந்த மாதங்கள் விடுமுறை அல்ல. அப்போதும் 20 மணி நேரம்தான்.

சரி, அந்த 20 மணி நேரத்தை எங்கே கொடுப்பது? தெரிந்தவரின் கடையில் கையில் காசு வாங்கிக்கொண்டு நிற்பது லேசு. ஆனால் சம்பளச் சீட்டும் வராது, அனுபவக் கடிதமும் வராது. சங்கிலி ஹோட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங்கில் கட்டில் விரிக்கக் கிடைத்தாலும் அதையே பிடியுங்கள் என்பேன். உள்ளே போய்விட்டால் ஆறு மாதம் கழித்து ரிசப்ஷனுக்கு மாற்றிக் கேட்கலாம். வெளியே நின்று கேட்பது கஷ்டம். டிப்ஸ் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள்: 2024 அக்டோபர் 1 முதல், வாடிக்கையாளர் கொடுக்கும் டிப்ஸை முதலாளி தன் பங்குக்கு வெட்ட முடியாது என்பது சட்டம்.

குசினிக்குள் போகிறவர்களுக்கு நம்ம வீட்டுப் பழக்கம் சில கை கொடுக்காது. சோற்றை இரவு முழுக்க வெளியே வைத்துக் காலையில் பழஞ்சோறு கரைத்துக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே மிஞ்சிய சோற்றை இயன்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ஏனென்றால் அரிசியில் இருக்கும் பசிலஸ் கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாது, இளஞ்சூட்டில் மறுபடி பெருகி நஞ்சு விடும். சூடாக வைத்திருக்கும் கறி 63 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது. கோழி வெந்ததா என்று நிறம் பார்த்துச் சொன்னால் செஃப் சிரிப்பார். தடித்த இடத்தின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தி 75 காட்ட வேண்டும்.

அலர்ஜி விஷயத்தில்தான் நம்ம ஆட்கள் திணறுகிறார்கள். சட்டப்படி சொல்லியே ஆக வேண்டிய பொருட்கள் 14. எள்ளும் கடுகும் அதில் இருக்கின்றன, ஆகவே நம்ம தாளிதம் முழுக்கக் கணக்கில் வரும். கஜுவும் அதில் அடக்கம், தேங்காய் இல்லை. சீனிச் சம்பலைப் பார்த்தால் வெங்காயம்தானே என்று தோன்றும். ஆனால் மாசி போட்டிருந்தால் அது மீன். சைவக்காரரும் மீன் அலர்ஜி உள்ளவரும் ஒரே மேசையில் இருந்து "இதில் என்ன இருக்கிறது" என்று கேட்கும்போது ஊகத்தில் பதில் சொல்லாதீர்கள். குசினிக்குப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், அதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள்.

இப்போது கசப்பான விஷயம். 2025 ஜூலை 22 முதல் ஸ்கில்ட் வேர்க்கர் விசாவை (முதலாளி ஸ்பான்சர் செய்து எடுக்கும் வேலை விசா) புதிதாக எடுக்க, வேலை டிகிரித் தரத்தில் இருக்க வேண்டும். செஃப், உணவக மேலாளர் போன்ற வேலைகள் அந்தத் தரத்துக்குள் வரவில்லை. படித்து முடித்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 2 வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைகிறது. "செஃப் ஆகிவிட்டால் அங்கேயே நின்றுவிடலாம்" என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால் அது பழைய கதை. அங்கேயே நிற்பதை மட்டும் நம்பாமல், துபாயோ மாலைதீவோ பாசிக்குடாவோ, எங்கே போனாலும் செல்லுபடியாகும் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

என் கணிப்பில் அது ரெவன்யூ மேனேஜ்மென்ட், அதாவது அறை விலையை நாளுக்கு ஏற்ப மாற்றி வருமானத்தைக் கூட்டும் வேலை. 100 அறை ஹோட்டலில் 80 அறையை 90 பவுணுக்கு விற்றால் 7,200. அதே இரவு 60 அறையை 125க்கு விற்றால் 7,500; தோய்க்கும் துணியும் குறைவு. எந்த இரவுக்கு எந்த விலை என்று முடிவெடுக்கத் தெரிந்தவருக்கு எல்லா ஊரிலும் நாற்காலி உண்டு. நம்ம ஊரில் நல்ல குசினியாட்கள் தாராளம், இதைச் செய்யத்தான் ஆள் தேடுகிறோம். கோர்ஸில் சாண்ட்விச் ஆண்டு (படிப்பின் நடுவே ஒரு வருடம் நிறுவனத்தில் வேலைப் பயிற்சி) இருந்தால் விடவே விடாதீர்கள். அது பாடத்தின் பகுதி, அதனால் முழுநேரம் வேலை செய்யலாம். இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே தேடத் தொடங்குங்கள், அந்த விண்ணப்பத்தில் முடிந்தால் ரிசர்வேஷன் அல்லது ரெவன்யூ பிரிவைக் கேளுங்கள்.

இளமாணிப் பட்டம் படிப்பவர்கள் கோடை விடுமுறையில் ஊருக்கு வருவதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன். அங்கே கோடை என்றால் இங்கே சீசன்: பாசிக்குடாக் கடல் அமைதியாக இருக்கும், அறுகம்பையில் அலைச்சறுக்குக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். வீட்டில் சும்மா இருக்காமல் ஏதாவது ஒரு ஹோட்டலில் ஒரு மாதம் நிற்கக் கேட்டுப் பாருங்கள். மே மாதமே மெயில் போட்டுவிடுங்கள். ஜூலையில் வந்து வாசலில் நின்று கேட்டால் எங்களுக்கு உங்களைப் பழக்க நேரம் இராது.